வரிசை மாறிய எட்டுப் பாட்டு

நல்லா உக்காருங்க, பரவாயில்லீங்க, பையை நான் மடியிலயே வெச்சுக்கறேன். கோயமுத்தூருங்களா? நானும் காந்திபுரத்துலதான் எறங்கறேன். என்னடா இந்தாளு நம்மளையே பாக்கறான்னு நெனைக்காதீங்க. உங்க பனியனைத்தான் பாத்தேன். நெஞ்சுல வெள்ளையில, வேலி முள்ளை வெட்டிக் குமிச்சு வெச்சாப்ல ஒண்ணு இருக்குதே, அதை டிசைனுன்னு நெனைச்சுத்தான வாங்குனீங்க? அது எழுத்துங்க. ஒரு பேண்டோட பேரு. போர்ச்சுகல்காரங்க. உத்துப் பாத்தாலும் படிக்க முடியாது, அவங்களுக்கே முடியுமான்னு தெரியல. அந்தப் பனியன் என்ற டேபிள்ல அடிச்சதுங்க. ஓரத்துல இங்க் கொஞ்சம் கசிஞ்சிருக்குது பாருங்க, அதனாலதான் கப்பல் ஏறாம இங்க காதர்பேட்டைக் கடைக்கு வந்திருக்குது.

என் பேரு மோகனசுந்தரமுங்க. திருப்பூர்ல பனியனுக்கு பிரிண்டிங் போட்டுக் குடுக்கறேன். சின்ன யூனிட்டுதான். வெளிநாட்டுப் பேண்டுகளுக்குக் கறுப்புப் பனியன். முன்னால படம், முதுகுல எந்தெந்த ஊர்ல கச்சேரின்னு எழுத்து. மண்டையோடு, எரியற காடு, ஆட்டுத் தலை, இப்படித்தான் வரும். அதுல ஒண்ணையும் ஊட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுன்னு என்ற சம்சாரம் கண்டிசனாச் சொல்லிட்டா. எனக்கும் அப்ப அது என்ன ஏதுன்னு தெரியாதுங்க. பீஸ் எத்தனை, கலர் எத்தனை, அவ்வளவுதான்.

ஒருக்கா பின்லாந்துல இருந்து ஒரு ஆர்டர் வந்துச்சு. நெம்பச் சின்ன ஆர்டரு. ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அதைவிட அதிகமா அடிப்பாங்க. இத்தனை கம்மியா விக்கறவன் எதுக்குடா பனியன் போடறான்னு ஒரு இதுல, அவன் பாட்டைத் தேடிப் போன்ல போட்டு வெச்சுட்டு வேலை பாத்துட்டிருந்தேன். மூணு நிமிசம் ஒரே கத்தலுங்க. யாரையோ குத்திட்டு ஓடறாப்ல. நிறுத்தலாம்னா கையெல்லாம் இங்க். தேச்சுக் கழுவிட்டு வர்றதுக்குள்ள பாட்டு வேற எங்கயோ போயிருச்சு. கத்துனவனே பாடறான். ரெண்டு கித்தாரு சேந்து, அண்ணன் தம்பி பேசிக்கறாப்ல ஒண்ணு சொல்ல ஒண்ணு கேக்குது. தாளம் ஏழுல போகுது, அஞ்சுக்கு வருது, மறுக்கா ஏழு. அப்படியே நின்னுட்டனுங்க. கையில தண்ணி சொட்டிட்டே இருக்குது.

அன்னையில இருந்து பிடிச்சுக்கிச்சு. கத்தல் ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம், ரெண்டும் ஒண்ணா ஓடறதை மெலடிக் மெட்டலும்பாங்க. ஒரே பாட்டுக்குள்ள நாலு பாட்டு மாறி மாறி வந்தா அது ப்ராக்ரஸிவ். பேரு கெடக்குது, விடுங்க. நான் ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தனுங்க. பெரிய ஆர்டர் குடுக்கற பேண்டைக் கேக்கறதில்ல. அவங்களுக்கு ஊரே இருக்குது. சின்ன ஆர்டர் குடுக்கறவன்தான் என்ற பேண்டு. ஸ்லோவேனியா, சிலி, நம்ம மேகாலயா. நல்ல ஆல்பமா போட்டிருப்பான், கேக்க ஆளிருக்காது. பாவமுங்க. அவங்களைப் பத்திச் சொல்லலாம்னுதான் யூடியூப்ல ‘கறுப்பு பனியன்’னு ஒரு சேனல் ஆரம்பிச்சேன். தமிழ்லதான் பேசுவேன், கீழ இங்கிலீசுல ஓடும். மோகன் அண்ணன் காதுக்கு ஒண்ணும் தப்பாதுன்னு பசங்க எழுதுவாங்க. அந்தக் காதுதானுங்க இப்ப என்னைய இந்த நெலமையில கொண்டாந்து விட்டிருக்குது.

திருச்செங்கோட்டுப் பசங்க ஒரு பேண்டு வெச்சிருந்தாங்க. ‘பாறைக்குழி’ன்னு பேரு. கித்தாரு, மெட்டு எல்லாம் தரணின்னு ஒரு பையன். பாட்டு எழுதறதும் பாடறதும் கோகிலவாணின்னு ஒரு புள்ளைங்க. பேருதான் கோகிலம். அது அடித்தொண்டையில இருந்து கத்துச்சுன்னா கோழியெல்லாம் பட்டிக்குள்ள ஓடிரும். ஆனா மெட்டுல எறங்குனா மனசைப் புழிஞ்சிரும். ரெண்டு பேரும் சின்னதுல இருந்து ஒரே தெரு. போன வருசம் ஒரு ஆல்பம் போட்டாங்க. பேரு ‘துளை’. எட்டுப் பாட்டு, ஒரே கதை. திருச்செங்கோடு தெரியுமில்லீங்க, போர் போடற ரிக் வண்டிக்கு அதுதான் ஊரு. அங்கிருந்து ரிக் எடுத்துட்டு வடக்க போவாங்க, மாசக்கணக்குல வர மாட்டாங்க. அப்படிப் போற ஒரு ஆளோட கதை. நாப்பது பேருகூடக் கேக்கல. என்ற பேண்டுதானுங்களே அப்ப? எனக்கு அனுப்புனாங்க.

கேட்டேன். மூணு தடவை கேட்டேன். அசந்து போயிட்டேன். மொதல் பாட்டே ‘அடி தொள்ளாயிரம்’. ஆளு செத்துப் போறான். கடைசிப் பாட்டு ‘வண்டி கிளம்புது’. அப்பத்தான் ஊட்டை விட்டுக் கிளம்பறான். செத்தவன் பொறவு கிளம்பறானேன்னு எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. கித்தாரோட சுருதி ஒரு பாட்டுல அடியில கெடக்குது, அடுத்த பாட்டுல மேல வந்துருது, மறுக்கா கீழ. புயல்ல மாட்டுன படகு மாதிரி இருக்குது, இப்படி ஒரு தைரியம் யாருக்கு வரும்னு அரை மணி நேரம் பேசி வீடியோ போட்டனுங்க. மொதல்ல ஒரு கொறையும் சொன்னேன். மொதல் பாட்டு முடியறப்ப யாரோ ஒரு ஆளு போன்ல தண்ணி வரல, தூள்தான் வருதுன்னு பேசறாரு, போர்வெல் விளம்பரமோன்னு பயந்துட்டேன், அதை மட்டும் வெட்டியிருக்கலாம்னு. சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னது. சனமும் சிரிச்சுதுங்க.

வீடியோ ஓடுச்சுங்க. என்ற சேனல்ல எதுவும் அப்படி ஓடுனதில்ல. வெளிநாட்டுல மெட்டல் பாட்டுக்குன்னே இருக்கற ஒரு வெப்சைட்டுக்காரங்க எடுத்துப் போட்டாங்க. முடிவுல ஆரம்பிச்சு ஆரம்பத்துல முடியற ஆல்பம்னு எழுதுனாங்க. அதுக்கப்பறம் ஒரு நாள் தரணி கூப்பிட்டான்.

"அண்ணா, நெம்ப நன்றிங்க. ஒண்ணு கேக்கலாங்களா? வரிசையை நீங்க மாத்திக் கேட்டிருக்கீங்களே, அது ஏனுங்கண்ணா?"

எனக்கு ஒண்ணும் புரியல. என்ன வரிசைன்னு கேக்க வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள அவனே சொல்லிட்டான், எங்க வரிசையில ‘வண்டி கிளம்புது’தான மொதல்ல வரும்னு. அப்பத்தானுங்க எனக்குத் தலையில எறங்குச்சு. என்ற போன்ல பாட்டெல்லாம் பேரு வரிசையில ஓடுது. அ-வுல ஆரம்பிச்சு வ-வுல முடியுது. அது அவங்க கதையில்லீங்க. என்ற போனு அடுக்குன கதை.

அவங்களும் நம்பர் போட்டு அனுப்பணுமா இல்லீங்களா? வரிசையைத் தனியா எழுதி அனுப்புனாங்களாம், மெசேஜுல கடைசியில இருந்துச்சாம். அவ்வளவு கீழ வரைக்கும் யாருங்க படிக்கறா? அந்த நேரத்துல நான் ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாமுங்க. தம்பி, என்ற போனு பண்ணுன கூத்துடான்னு சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். அவன் அண்ணா அண்ணாங்கறான், ஊரே என்ற காதைப் பத்திப் பேசிட்டிருக்குது. வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா?

"தெரிஞ்சேதான் தம்பி மாத்திக் கேட்டேன். உங்க வரிசையில உசுரு இல்ல."

அவ்வளவுதானுங்க சொன்னேன். ஒரு வார்த்தை. சொன்ன கையோட குத்துச்சு. சரி, பையன் கேட்டுட்டுப் போயிருவான், இதுல என்ன ஆகப் போகுதுன்னு நெனைச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன்.

தரணி போயி அந்த வரிசையில கேட்டிருக்கறான். ஒருக்கா கேட்டானாம், ஒண்ணும் தோணல. அண்ணன் சொல்லியிருக்காரேன்னு மறுக்கா கேட்டானாம், அப்பறம் அதுதான் சரின்னு பட்டிருச்சாம். வர்ற சனமெல்லாம் அந்தத் தலைகீழ் கதையைக் கேக்கத்தான் வருது. அதனால ஆல்பத்தையே என்ற வரிசையில மாத்தி, மறுக்கா வெளியிடறதுன்னு முடிவு பண்ணிட்டான். அந்தப் போன் பேச்சையும் வெட்டியாச்சு. அண்ணன் வெட்டச் சொன்னாருல்ல. கோகிலவாணி முடியவே முடியாதுன்னு சொல்லியிருக்குது. ஒரே தெருவுல வளந்ததுகளுங்க, அடிச்சுக்காத கொறைதான். அந்தப் புள்ள பேண்டை விட்டே போயிருச்சு. பீளமேட்டுல ஒரு ஆஸ்பத்திரியில பில்லு போடற வேலைக்குச் சேந்து, அங்கயே ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்குதாம். பாட்டே பாடறதில்லையாம்.

இதெல்லாம் எனக்குத் தரணி சொல்லித்தான் தெரியும். அவன் என்னமோ பெரிய தியாகம் பண்ணாப்ல சொல்றான். வாணிக்குக் கலை புரியல அண்ணாங்கறான். நான் கம்முனு கேட்டுக்கிட்டனுங்க. ரெண்டு பேருக்கு நடுவுல நாம பேசக் கூடாது பாருங்க.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க கண்டக்டர்.

இன்னைக்குச் சாயந்தரம்தான் அந்தப் புது ஆல்பம் வெளியீடு. கோயமுத்தூர்ல ஒரு ஹால் புடிச்சிருக்காங்க. நான்தான் சிறப்பு விருந்தினரு. இதெல்லாம் எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்னா, நேத்து அந்தப் புள்ள எனக்குப் போன் பண்ணுச்சுங்க. நான் எடுக்கறதா வேண்டாமான்னு பாத்துட்டே இருந்து எடுத்தேன். திட்டப் போகுதுன்னு நெனைச்சேன். திட்டியிருந்தாத் தேவலைங்க.

"அண்ணா, நான் கோகிலவாணி பேசறனுங்க. உங்களைத் தொந்தரவு பண்றேன். வரிசையைப் பத்திப் பேச வரலீங்க. உங்க காதுக்குப் பட்டது எங்களுக்குப் படாமப் போயிருக்கலாம். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்தப் போன் குரலை மட்டும் வெட்ட வேண்டாம்னு தரணிகிட்டச் சொல்லுங்களேன். நீங்க சொன்னாக் கேப்பான்."

அது யாரு குரலு அம்மிணின்னு கேட்டேன்.

"எங்கப்பாங்க."

அவங்கப்பா ரிக்குல போனவராம். ராய்ப்பூருக்கு அக்கட்டால எங்கயோ ஒரு காட்டுல போர் ஓட்டிட்டிருந்தப்ப இந்தப் புள்ளைக்கு வாட்ஸப்புல பேசி அனுப்பியிருக்காரு. அன்னைக்கே மத்தியானம் வண்டி பக்கத்துலயே நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவரு எந்திரிக்கல. அதுதான் கடைசிப் பேச்சு. அந்த ஆல்பமே அவரைப் பத்தித்தானுங்க. நான் விளம்பரம்னு சொன்னனே, அந்தாளு.

இன்னொண்ணும் சொல்லுச்சு. நான் கேக்கல, அதா சொல்லுச்சு. மொதல் பாட்டுல கித்தாரு சாதாரண சுருதியில இருக்குமாம். ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிட்டே போவாங்களாம், ரிக்கு கீழ எறங்கறாப்ல. எட்டாவது பாட்டுல கம்பியெல்லாம் தொளதொளன்னு ஆயி, வாசிக்கவே முடியாதாம். தரணி வெரல்ல பிளாஸ்திரி சுத்திட்டுத்தான் வாசிச்சானாம். அந்த யோசனையே தரணியோடதாம். அது தெரிஞ்சுமா மாத்துனான்னு கேட்டேன். உங்க வீடியோ வந்ததுக்கப்பறம் அவனுக்கு அவன் மேலயே நம்பிக்கை போயிருச்சுங்கண்ணான்னு சொல்லுச்சு. கோவமாச் சொல்லலீங்க. அவனுக்காகப் பரிஞ்சு சொல்லுது.

புயல்ல மாட்டுன படகுன்னு நான் பேசுனது இருக்குதே, அதை நெனைச்சா இப்பவும் ஒடம்பு கூசுதுங்க.

இன்னைக்குக் காலையில யூனிட்டுல யாரும் வர்றதுக்கு முன்னால, அந்தப் பழைய மெசேஜைத் தேடி எடுத்து, அவங்க எழுதியிருந்த வரிசைப்படி ஒவ்வொண்ணா நானே போட்டுக் கேட்டேன். மொத மொறையா. ‘வண்டி கிளம்புது’ன்னு ஆரம்பிக்குது. நல்ல வெளிச்சமான பாட்டுங்க, பசங்க டூர் போறாப்ல. அப்பறம் மண்ணு, அப்பறம் கல்லு. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழ எறங்குது, எறங்குது, நமக்கு மூச்சு முட்டுது. எப்படா தண்ணி வரும்னு நாமளே ஏங்க ஆரம்பிச்சர்றோம். எட்டாவதாத்தான் ‘அடி தொள்ளாயிரம்’ வருது, அதுல கித்தாரு பாட்டாவே இல்லீங்க, தரை அதிர்றாப்ல இருக்குது. அந்தப் புள்ள கத்துதுங்க. திடீர்னு எல்லாம் நின்னுருது. சத்தமே இல்ல. அப்பத்தான் அவரு பேசறாரு.

"வாணி, தண்ணி வரல சாமி. தூளாத்தான் வருது. இன்னும் நூறடி ஓட்டிப் பாக்கச் சொல்றாங்க. பொழுதோட கூப்படறேன். சாப்ட்டயா?"

அதோட ஆல்பம் முடியுதுங்க.

எனக்குச் சோறு எறங்கல. சம்சாரம் கேட்டா, வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டு வந்து பஸ் ஏறிட்டேன். போனதும் தரணியைத் தனியாக் கூட்டிட்டுப் போயி உள்ளதைச் சொல்லிரலாம்னுதான் வர்றேன். தம்பி, நான் மாத்திக் கேக்கல, என்ற போனு மாத்திச்சுன்னு. சொல்லிட்டா என்ன ஆகும்? சேனல் போயிரும். போகட்டுமுங்க. ஆனா அவனும்தான ஊர் முன்னால கேவலப்படுவான்? போன் அடுக்குன வரிசைக்குக் கலை கிலைன்னு பேசுனவனாச்சே. அவனுக்காகத்தான் யோசிக்கறேன். எனக்கென்னங்க, வயசாச்சு.

நீங்களா இருந்தா சொல்லிருவீங்களா? சிரிக்கறீங்க. சிரிங்க, பரவாயில்ல. ஆல்பம் இன்னைக்கு இப்படியே வெளிய போயிருச்சுன்னா அப்பறம் அந்தக் குரல் இல்லாததுதான் சனத்துக்கு ஆல்பம். அந்தப் புள்ளைக்கு அவங்கப்பா அதுலயும் இல்லைன்னு ஆயிரும். அது எனக்குத் தெரியாம இல்லீங்க.

இருங்க, ஒரு நிமிசம். தரணிதான் கூப்படறான்.

சொல்லு தம்பி. பஸ்லதான் வர்றேன். அவிநாசி தாண்டியாச்சு. ஆமா... ஆமா. பாட்டெல்லாம் ஏத்தியாச்சா? இன்னும் இல்லையா? சரி, இரு. ஏத்தாத. ஒண்ணு சொல்லணும். அந்த வரிசை இருக்குதல்ல. அது நான் மொதல்ல கேட்டப்ப... அது வந்து, என்ற போன்ல... இல்ல தம்பி, போன்ல சரியாக் கேக்கலைன்னு சொன்னேன். இப்பக் கேக்குது. இங்க பாரு, நான் இன்னைக்குக் காலையில மறுக்கா உக்காந்து கேட்டேன். பழைய வரிசையே போடு. ஆமா, உங்க வரிசைதான். ‘வண்டி கிளம்புது’ மொதல்ல. அந்தக் குரலும் வேணும். கடைசியில. ஒரு சொல்லும் வெட்டக் கூடாது. ஏன்னா... ஏன்னா என்ற காது சொல்லுது தம்பி. நீ செய்யி, நான் சொல்றேன். அழுகறயா? அட, எதுக்குடா. சரி. சரி, வை.

ஒத்துக்கிட்டானுங்க. பாத்தீங்களா, ஒரு கேள்வி கேக்கல. நானும் அதான்ணா நெனைச்சேன், சொல்லப் பயமா இருந்துச்சுங்கறான். அழுகறான் பையன். வேலை முடிஞ்சுது பாருங்க. யாருக்கும் கேவலமில்ல. வரிசை அதும்பாட்டுக்குப் பழையபடி வந்துருச்சு. குரலும் வந்துருச்சு. உள்ளதைச் சொல்லணும்னுதான் வாயெடுத்தேன், நீங்களே பாத்தீங்க. வரல. ஆனா நல்லதுதான நடந்திருக்குது?

என்னமோ தெரியலீங்க, மனசு லேசாகும்னு பாத்தேன். ஆகல.

கருமத்தம்பட்டியா இது? டிராபிக்கு இப்படி நிக்குதே.

மெசேஜு வந்திருக்குது. அந்தப் புள்ளதான். அதுக்குள்ள தரணி சொல்லிட்டான்போல. குரல்ல பேசி அனுப்பியிருக்குது. காதுல வெச்சுக் கேக்கறேன், இருங்க.

ஒண்ணுமில்லீங்க. தூசி.

என்ன சொல்லுதுன்னா, "அண்ணா, நான் எத்தனையோ தடவை சொன்னேன், அவன் கேக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. எங்கப்பா இருந்திருந்தா உங்களை ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிருப்பாருங்க"ன்னு சொல்லுது. ஆஸ்பத்திரியில பெர்மிசன் போட்டுட்டுக் கிளம்பிருச்சாம். தரணியும் அதும் பேசிட்டாங்களாம். எங்க வரிசையை எங்களுக்கே திருப்பிக் குடுத்தது மோகன் அண்ணன்தான்னு மேடையில சொல்லி எனக்குப் பொன்னாடை போத்தறாங்களாம். என் கையாலதான் போத்துவேன்னு அந்தப் புள்ள நிக்குது.

வேண்டாம்னு சொல்லிரலாமுங்க. இப்பவே போன் போட்டுச் சொல்லிரலாம். சொன்னா, ஏன்னு கேக்குமே.